பெருவிரல் நோவும் பாதி பின்னிய சால்வையும்

செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கினால், கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் பெருவிரலைப் பிடித்தபடி என்னிடம் வரும் அம்மாமார் கூடிவிடுவார்கள். நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). "குளிருக்கு நோகுது பிள்ளை, வயசும் போகுதுதானே" என்பார்கள். கைப்பையைத் திறந்தால் உள்ளே பாதி பின்னிய கம்பளிச் சால்வை.

போன வருடம் வந்த ஓர் அம்மம்மா, பேத்திக்கு 60 செ.மீ. அகலம், 180 செ.மீ. நீளத்தில் ஒன்று தொடங்கியிருந்தார். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை இங்கே தாங்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை. அதற்குமுன் முடிக்க வேண்டுமென்று இரவிரவாகப் பின்னல். இருந்து கணக்குப் பார்த்தோம். 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி (பின்னல் சுருக்கு), 24 வரிசை. அகலத்துக்கு 108 கண்ணி, நீளத்துக்கு 432 வரிசை. மொத்தம் 46,656 கண்ணி! "ஐயோ, இந்த விரல் என்ன செய்யும்" என்று அவரே சிரித்துவிட்டார்.

பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒடுங்கிய உறை ஒன்றுக்குள்ளால் போகின்றன. ஓயாமல் உரசினால் உறை தடித்து நோகும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வேனின் பெயரே நோய்க்கும். பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கம் மெல்லச் சரித்துப் பாருங்கள். பெருவிரல் பக்க மணிக்கட்டில் சுள்ளென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். மூட்டுத் தேய்மானத்தாலும் அந்தப் பக்கம் நோகலாம். பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பின்னலை விடச் சொல்லவில்லை, ஊசியை மாற்றச் சொன்னேன். நீட்டு ஊசியில் சால்வை வளர வளர அதன் பாரம் மணிக்கட்டில் தொங்கும். வயரால் இணைத்த வட்ட ஊசியில் பாரம் மடியில் கிடக்கும். "அது தொப்பி பின்னுறதுக்கெல்லோ?" என்றார். வரிசை முடியத் திருப்பிப் பிடித்தால் சால்வையும் வரும். முழங்கைக்குக் கீழே தலையணை. அரை மணிக்கொரு தரம் எழும்பித் தேத்தண்ணி. மருந்துக் கடையில் வாங்கிய மணிக்கட்டுப் பட்டியையும் கழற்ற வைத்தேன். பெருவிரலைச் சேர்த்துப் பிடிக்காத பட்டி இந்த நோவுக்கு உதவாது.

சால்வை நவம்பரில்தான் முடிந்தது.

நோவு வேறு, விறைப்பு (மரத்துப்போவது) வேறு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் நித்திரை குழம்பினால், மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடலாம். சட்டைப் பொத்தான் பூட்டக் கை தடுமாறினால் அந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் போங்கள். இன்னும் நாலு வரிசைதானே என்று இருந்துவிடாதீர்கள்.