மண்டபத்தில் எத்தனை மண்டபம்?

ராமேஸ்வரம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் போனில் சொன்னார்: "மண்டபத்துக்கு வந்துட்டுக் கூப்பிடுறேன்." எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, "ஊருப்பா, ஊரு! கல்யாணம் நாளைக்குத்தானே!" என்று கத்தினார்.

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊரின் பெயரே மண்டபம். ஆங்கிலமாக இருந்தால் ஊர்ப்பெயருக்கு முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டிவிடுவார்கள். நம் எழுத்தில் பெரிசு, சிறிசு கிடையாது. (போனில் பேசும்போது ஆங்கிலத்துக்கும் அந்த வசதி இல்லை.) வேற்றுமை உருபும் காட்டிக்கொடுக்காது, ஊரானாலும் கட்டடமானாலும் 'மண்டபத்துக்கு'தான்.

காட்டிக்கொடுப்பது பக்கத்துச் சொல். 'ரெண்டு மண்டபம் பார்த்தோம்' என்றால் கட்டடம். எண்ணிக்கைக்கு இடம் கொடுத்தால் அது ஊர்ப்பெயர் இல்லை. அதனால்தான் 'மண்டபத்துல மூணு மண்டபம் இருக்கு' என்றாலும் யாரும் குழம்புவதில்லை.

சரி, கட்டடம் பொதுப்பெயர், ஊர்ப்பெயர் சிறப்புப்பெயர், அதோடு முடிந்ததா? இல்லை. நன்னூல் வழி வந்த இலக்கணத்தில் மரம் பொதுப்பெயர், பனை சிறப்புப்பெயர். அந்தக் கணக்கில் மீன் பொது, சாளை சிறப்பு. வலையில் ஆயிரம் சாளை ஏறினாலும் அது சிறப்புப்பெயர்தான். பெரிய கூட்டத்துக்குள் ஒரு வகையைப் பிரித்துக் காட்டினால் போதும். ஆங்கிலத்தின் 'ப்ராப்பர் நவுன்' அப்படியில்லை, குறிப்பிட்ட ஒன்றுக்கு இட்ட பெயராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று சொல்லிக்கொடுப்பதில்தான் பாதிக் குழப்பம்.

கரையில் 'பாறை என்ன விலை?' என்றால் யாரும் கல்லைத் தேட மாட்டார்கள். வெளியூர்க்காரரிடம் மட்டும் 'பாறை மீன்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறப்பு முன்னால், பொது பின்னால், நடுவில் 'ஆகிய' ஒளிந்திருக்கும்: பாறையாகிய மீன். இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ராமேஸ்வரம் தீவும் அப்படித்தான்.

பாம்பன் பாலம் அந்த வகையில் சேராது. பாம்பனாகிய பாலம் இல்லை, பாம்பனில் உள்ள பாலம்; ஏழாம் வேற்றுமை. 1914இல் ரயில் பாலம் திறந்ததிலிருந்து பல வருஷம் அந்தப் பெயருக்கு ஒரே பாலம்தான். 1988இல் ரோட்டுப் பாலம் வந்தது, 2025இல் புது ரயில் பாலம். இப்போது 'பாம்பன் பாலத்துல நிக்கிறேன்' என்றால் அடுத்த கேள்வி, "எந்தப் பாலம்?"