லீவு முடிந்த திங்கட்கிழமை

பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். எந்த வாரம் எப்படிப்பட்ட நோயாளிகள் வருவார்கள் என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். சளியும் காதுவலியும் ஆண்டு முழுக்க வரும். தசரா முடிந்த வாரம், தீபாவளிக்கு மறுநாள், புத்தாண்டு, பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை ஆகிய நாட்களில் வருகிறவர்கள் வேறு மாதிரி. இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். "காதுக்குள்ள வண்டு பறந்த மாதிரியே இருக்கு டாக்டர்" என்று ஆரம்பிப்பார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் உவரி என்பார்கள், மணப்பாடு என்பார்கள், திருச்செந்தூர், குலசை (குலசேகரன்பட்டினம்) என்பார்கள். எல்லாம் நம் கடற்கரை ஊர்கள்.

கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறோடு கடற்கரைக்குப் போய் வளர்ந்தவன்தான் நானும். இப்போது பௌர்ணமி இரவுகளிலும் திருச்செந்தூர்க் கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். கூட்டம் இனிக் கூடத்தான் செய்யும். அதைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே வைக்கிற ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தை ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு விரலால் குறைக்க முடியும். அது நடக்காததால் என்னவெல்லாம் ஆகிறது என்பதை என் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறேன்.

ஒரு புத்தாண்டு முடிந்து வந்த தம்பிக்கு வயது 23. கடற்கரை ஓரம் நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கி, இரவு 10 மணியிலிருந்து 1 மணிவரை பெட்டிக்கு முன்னால் ஆடியிருக்கிறார். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தோம். உயர்ந்த சுருதியில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அந்தப் பள்ளம். "எல்லாம் கேக்கு டாக்டர், என்ன சொல்லுதாங்கன்னுதான் புரியமாட்டேங்கு" என்றார். அது மிகச் சரியான வர்ணனை. உயிரெழுத்து ஓசைகள் தாழ்ந்த சுருதியில் இருப்பவை, அவை காதில் விழுந்துவிடும். ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசை உயர்ந்த சுருதியில் இருக்கிறது. அதுதான் முதலில் போகிறது. பேச்சு கேட்கும், சொல் புரியாது.

காதுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு உள்காதிலும் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்கான சைகையாக மாற்றுவது இவைதான். ஒரு முறை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவது: காற்றடித்தால் இளம் நாற்று சாயும், இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். வாழை முறிந்தால் முறிந்ததுதான். திருவிழா முடிந்த மறுநாள் காது அடைத்த மாதிரி இருந்து பிறகு சரியானால், அது நாற்று சாய்ந்த கதை. திரும்பத் திரும்ப சாய்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் வாழை முறிந்த கதையாகிவிடும். இன்னொன்று, காதுக்குள் கேட்ட இரைச்சல் நின்றுவிட்டதாலேயே உள்ளே சேதமில்லை என்று அர்த்தமில்லை. மயிரணு பிழைத்திருந்தும் அதிலிருந்து போகும் நரம்பு இணைப்பு அறுந்திருக்கலாம் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம்? தொழிலிடங்களுக்காக வகுத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். செண்டை மேளத்துக்கோ பெட்டிக்கோ பக்கத்தில் நின்றால் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்த உச்ச வரம்பே சராசரி 100 டெசிபல்தான், அதுவும் 15 நிமிட அளவில் கணக்கிட்டு. அந்தத் தம்பி மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்.

அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பெட்டிக்கு 2 மீட்டரில் நிற்கிறவர் 8 மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் குறைகிறது. 15 நிமிடம் தாங்கும் காது 4 மணி நேரம் தாங்குகிறது. செலவு ஒன்றுமில்லை, பத்து எட்டு பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். விழாக் கமிட்டிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: பெட்டிக்கு முன்னால் ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள். கூட்டத்தில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பாருங்கள். பெட்டியை உயர்த்தி வைத்திருந்தால் அதன் வாய்க்கு நேராக இருப்பது அந்தப் பிள்ளையின் காதுதான். அப்பாவின் காதுக்குப் போவதைவிட அதிகமான சத்தம் அதற்குப் போகிறது, அதற்கு "வலிக்குது" என்று சொல்லத் தெரியாது, அழும். அழுதால் பசி என்று நினைத்துப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுக்கிறோம்.

சத்தம் காதை மட்டும் கெடுப்பதில்லை, கூட்டத்தை நடத்த முடியாமலும் செய்கிறது. ஒரு கடற்கரைத் திருவிழாவில் மருத்துவ முகாமில் உட்கார்ந்திருந்தேன். நாலு வயதுப் பெண் குழந்தை காணாமல் போய், ஒரு காவலர் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பந்தலில் விட்டார். மைக்கில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். குழந்தையின் அம்மா முப்பது மீட்டர் தள்ளித்தான் தேடிக்கொண்டிருந்தார், பிறகு தெரிந்தது. நடுவில் இரண்டு குழுக்களின் பெட்டிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. அறிவிப்பு அவருக்குக் கேட்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் காவலர் குழந்தையைத் தோளில் வைத்துக் கூட்டத்துக்குள் நடந்ததால்தான் அம்மாவின் கண்ணில் பட்டது. அந்த அம்மா பந்தலுக்கு வந்து நின்ற நிலையை நான் இன்னும் மறக்கவில்லை. கடலில் உள்ளே போகாதே என்று ஊதுகிற விசிலும் இப்படித்தான் காணாமல் போகிறது. அலை உள்ளே இழுக்கும் இடத்தில் நிற்கும் பையனுக்கு அந்த விசில்தான் ஒரே எச்சரிக்கை.

ஆகவே அறிவிப்பு மைக் ஒலிக்கும்போது பாட்டு தானாக நிற்கிற மாதிரி இணைப்பு கொடுங்கள். மைக்செட்காரர்களுக்கு இது பெரிய வேலையில்லை. ஒரே இடத்தில் மலைபோல் பெட்டி அடுக்குவதற்குப் பதில், சின்னப் பெட்டிகளைத் தள்ளித் தள்ளிக் கம்பங்களில் கட்டினால் கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கும், முன்னால் நிற்பவர் காதும் பிழைக்கும். பெட்டியின் முகம் கடலைப் பார்க்கட்டும், ஊரைப் பார்க்க வேண்டாம். குடும்பமாகப் போகிறவர்கள் பிள்ளையின் கையில் போன் நம்பரை எழுதிவிடுங்கள். தொலைந்தால் சந்திக்க ஓர் இடத்தையும் முன்னாலேயே பேசி வையுங்கள். அந்தச் சத்தத்தில் போனில் பேசி யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் அந்த ஊர்க்காரர்களைப் பற்றி. விடுமுறைக்குப் போகிற நமக்குக் கடற்கரை ஒரு ராத்திரி, அவர்களுக்கு அதுதான் வீடு. தலைசுற்றல் என்று ஒரு மீனவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். காதைச் சோதித்ததில் தலைசுற்றலுக்கான காரணம் எதுவும் அகப்படவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கு எந்திக்கணும் சார். ஒரு மணி வரைக்கும் டம்மு டம்முன்னு அடிக்கானுவ" என்றார். அவர் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வாடகைக்கு விடும் வீடு ஒன்று வந்திருக்கிறது, லீவு நாளெல்லாம் பார்ட்டி. விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர் எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும். ஒரு மணி நேரத் தூக்கத்தோடு கடலுக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தினால் பாட்டின் வார்த்தை நின்றுவிடும், அந்த டம்மு நிற்காது. தாழ்ந்த சுருதி சுவரைத் தாண்டி வரும். காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தமும் வளைந்து கீழே இறங்குவதால் பகலில் கேட்காத தூரத்துக்கும் கேட்கும். நம் கரையில் கத்தோலிக்க மீனவ ஊர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை, சனிக்கிழமை இரவென்றால் அவர்கள் விடியுமுன் எழ வேண்டியிருக்காது. பார்ட்டிக்கு நாள் குறிக்கிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் இதெல்லாம் தெரியும். கேட்பதில்லை, அதுதான் வருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. அதன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, மேளமும் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் போகாமல். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தில் பெட்டி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் 75 டெசிபலுக்கு மேல் எந்த நிலையிலும் போகக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். புகார் சொல்லப் பயப்படுகிறவர்கள் "எங்கிட்ட மீட்டர் இல்லையே" என்பார்கள். இரவுத் தடையை மீறினால் அதற்காகவே புகார் கொடுக்கலாம், அளந்து காட்ட வேண்டியதில்லை. 112-ஐக் கூப்பிட்டால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு முறை நேரில் போய் "அண்ணாச்சி, வீட்டில் முடியாதவங்க இருக்காங்க" என்று சொல்லிப் பாருங்கள் என்பேன். பாதிப் பேர் குறைத்துவிடுகிறார்கள்.

குலசை தசராவில் சூரசம்ஹாரமே கடற்கரையில் நள்ளிரவில்தான் நடக்கிறது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். காப்புக் கட்டி, விரதம் இருந்து, வேடம் போட்டு வருகிறவரின் பக்திக்கும், வண்டியில் ஜெனரேட்டரோடு பெட்டியை ஏற்றிக்கொண்டு பக்கத்துக் குழுவை அமுக்கப் பார்க்கிற போட்டிக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் என் எண்ணம். மூத்த வேடக்காரர்கள் சிலரும் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

காது இரைந்தால் என்ன செய்வது? முதலில், காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். நம் பக்கம் இன்னும் நடக்கிறது, உள்காது சேதத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சவ்வில் ஓட்டை இருந்தால் கெடுதல்தான். சத்தமில்லாத இடத்துக்குப் போய் காதுக்கு ஓய்வு கொடுங்கள், இயர்போனைத் தொடாதீர்கள். ஒரு நாள் தாண்டியும் இரைச்சலோ அடைப்போ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். வெடி பக்கத்தில் வெடித்து ரத்தமோ நீரோ வந்தால் காதில் தண்ணீர் படக் கூடாது. கடல், திருச்செந்தூர் நாழிக்கிணறு, குற்றாலம் என்று எந்தக் குளியலும் அப்போது வேண்டாம். சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும், நனையாமல் இருந்தால்.

பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது மிகக் கொஞ்சம்தான் தடுக்கும். மருந்துக்கடையில் நுரை அடைப்பான் கேளுங்கள். அதைத் திரி மாதிரி உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நுரை வேண்டாம், காதை மூடும் மஃப் வாங்குங்கள்.

இதில் எல்லாம் அதிகம் அடிபடுவது மேளக்காரர்களும் மைக்செட் பையன்களும்தான். நாம் ஒரு ராத்திரி நிற்கிறோம், அவர்கள் ஒரு கோயில் கொடை விழாவிலிருந்து அடுத்த கொடைக்குப் போகிறார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, மனைவி சண்டை போட்டதால் என்னிடம் வந்தார். டிவியை அவ்வளவு சத்தமாக வைக்கிறாராம். முப்பது வருடத் தொழில், இரண்டு காதிலும் ஆழமான பள்ளம். அவருக்கு இப்போது காது மெஷின். தன் காது திரும்பாது என்று தெரிந்த அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி, "என்கிட்ட வேலை பாக்குற பயலுகளுக்கு என்ன செய்யலாம் டாக்டர்?" என்பதுதான். ஆறு பேரையும் அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் 19 வயதுப் பையன் ஒருவனுக்குப் பள்ளம் ஆரம்பித்திருந்தது. இப்போது அவர் கட்டும் இடமெல்லாம் பெட்டிக்கு முன்னால் கயிறு, பையன்களுக்கு மஃப், மணிக்கு ஒரு முறை கால் மணி நேரம் பாட்டு நிறுத்தம். கமிட்டிக்காரர்கள் "இன்னும் ஏத்துங்க" என்றால், தன் காதிலிருந்து மெஷினைக் கழற்றிக் காட்டுவாராம். அந்தப் பையனுக்குத் தையில் மறுபடி ஆடியோகிராம் எடுக்க நாள் கொடுத்திருக்கிறேன்.