புரோட்டோகால்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

அப்பாவுக்கு ரெண்டாவது தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனப்ப, எங்க அண்ணன் நர்ஸ்கிட்ட முதல்ல கேட்டதே இதுதான்: "அப்ப வந்தவுடனே ஆக்சிஜன் மாட்டுனீங்களே, இப்ப ஏன் மாட்டல?" பல வருஷம் முன்னாடி நடந்தது, ஆனா அவன் மறக்கல. அந்தம்மா அப்பா விரல்ல இருந்த கிளிப்பைக் காட்டி, "ரத்தத்துல ஆக்சிஜன் 96 சதவீதம் இருக்குங்க, தேவையில்ல, இப்ப புரோட்டோகால் மாறிடுச்சு"ன்னாங்க. அண்ணன் மூஞ்சே சரியில்ல. புரோட்டோகால்னாலே மாறாததுன்னுதானே நினைச்சிட்டு இருக்கோம், அது எப்படி மாறும்?

சொல்லு கிரேக்கத்துல இருந்து வந்தது. புரோட்டோஸ்னா முதல், கொல்லானா பசை, ரெண்டும் சேர்ந்து புரோட்டோகொல்லோன், அதாவது முதல்ல ஒட்டுன தாள். பாப்பிரஸ் தாளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சுருளா வச்சிருந்த காலத்துல அந்தச் சுருளோட முதல் தாளுக்கு இந்தப் பேரு. (நம்ம தோல்ல இருக்குற கொலாஜன்ங்கற புரதத்தோட பேருலயும் இதே கொல்லாதான் இருக்கு, தோலையும் எலும்பையும் கொதிக்க வச்சா பசை வருமே, அதனால வந்த பேரு.) அந்த முதல் தாள்ல பொறுப்பான அதிகாரி பேரும் தாள் தயாரான தேதியும் இருக்கும். 537ல ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், பத்திரம் எழுதுறவங்க இந்தத் தாளை வெட்டி எடுக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டாரு, ஏன்னா போலிப் பத்திரத்தைப் பிடிக்க அந்தத் தேதிதான் உதவும். ஆக ஆரம்பத்துல புரோட்டோகால்னா விதியும் இல்ல ஒழுங்கும் இல்ல, "இது யாரு, எப்ப போட்டது"ன்னு சொல்ற தாள், அவ்ளோதான். அப்புறம் லத்தீன், பிரெஞ்சுன்னு சுத்தி வந்து ஒப்பந்தத்தோட மூலப்பிரதி ஆச்சு, அரசு விருந்துல யாரு எங்க உக்காரணும்ங்கறது ஆச்சு, ஆய்வுக்கூடத்துக்குப் போச்சு, கம்ப்யூட்டருக்கும் போச்சு.

தமிழ்ல அரசு விஷயத்துக்கு மரபுமுறைன்னு சொல்றாங்க, அங்க அது பொருந்தும். ஆனா ஆஸ்பத்திரிக்கு அதைக் கொண்டு வந்தா அர்த்தமே தலைகீழாயிடும், மருத்துவத்துல புரோட்டோகாலோட வேலையே மரபை உடைக்கிறதுதான். நெறிமுறைன்னும் போடுறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மருத்துவ நெறிமுறைன்னா டாக்டர் காசு வாங்கிட்டு மருந்து எழுதக் கூடாது, நோயாளி ரகசியத்தை வெளிய சொல்லக் கூடாதுங்கற ஒழுக்க விஷயம்னுதான் பாதிப்பேர் நினைப்பாங்க. என்னைக் கேட்டா சிகிச்சைமுறை போதும். முறைங்கற சொல்லுக்கு ஒழுங்குன்னும் அர்த்தம், தடவைன்னும் அர்த்தம். "போன முறை அப்படி, இந்த முறை இப்படி." ஆய்வுக்கு எழுதி வைக்கிற புரோட்டோகால்னா ஆய்வுத் திட்டம்னு தனியா சொல்லிக்கலாம்.

முறை எவ்ளோ வேகமா மாறும்ங்கறதுக்கு கொரோனா காலத்து டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து நல்ல உதாரணம். 2020 தொடக்கத்துல, கொரோனாவுக்கு வழக்கமா ஸ்டீராய்டு கொடுக்காதீங்கன்னுதான் உலக சுகாதார அமைப்பே சொல்லிட்டிருந்துச்சு. பிரிட்டன்ல ரெக்கவரின்னு ஒரு ஆய்வு, திட்டம் எழுதுனதுல இருந்து முதல் நோயாளியைச் சேர்க்க 9 நாள்தான் ஆச்சு, சாதாரணமா மாசக்கணக்குல இழுக்குற வேலை அது. 2,104 பேருக்கு டெக்சாமெத்தசோன் தினமும் 6 மில்லிகிராம், 10 நாள் வரைக்கும், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எதுன்னு டாக்டர் முடிவு பண்ணல, கம்ப்யூட்டர் குலுக்கல். வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல 28 நாளைக்குள்ள இறந்தவங்க மருந்து வாங்காத பக்கம் 41.4 சதவீதம், வாங்குன பக்கம் 29.3. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு ஒரு பலனும் தெரியல, கெடுதலாக்கூட இருக்கலாம்னு தோணுச்சு. அந்த வருஷம் செப்டம்பர்லயே உலக சுகாதார அமைப்பு தீவிர நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுங்கன்னு மாத்தி சொல்லிடுச்சு. அதுவும் புது மருந்து இல்ல, பல வருஷமா மருந்து அலமாரியில கிடந்த மலிவான மருந்து, யாருக்கு எப்பன்னு கண்டுபிடிச்சதுதான் புதுசு.

இப்ப அண்ணன் கேள்விக்கு வரேன். மாரடைப்புன்னு வந்தா உடனே ஆக்சிஜன் மாட்டுறது ரொம்ப காலப் பழக்கம், இதயத்துக்கு காத்து பத்தல, கொடுத்தா நல்லதுதானேங்கற கணக்கு. அந்தக் கணக்கை ஸ்வீடன்ல 6,629 பேரை வச்சு சோதிச்சு 2017ல வெளியிட்டாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் குறையாதவங்கதான் எல்லாருமே. ஒரு வருஷத்துல இறந்தவங்க, ஆக்சிஜன் கொடுத்ததுல 5.0 சதவீதம், கொடுக்காததுல 5.1. வித்தியாசமே இல்ல. அதே வருஷம் ஐரோப்பிய இதயவியல் கழகமும், 90க்கு கீழ போனா மட்டும் கொடுங்கன்னு முறையை மாத்துச்சு. அந்த 90ஐ சட்டுன்னு பாக்க உதவுற விரல் கிளிப்பு ஜப்பான்காரர் டகுவோ அவோயாகி 1970கள்ல கண்டுபிடிச்ச டெக்னிக்ல ஓடுது. அதுவும் தப்பே பண்ணாதுன்னு இல்ல, கருப்பு நிறத் தோல்ல உண்மையை விட கூடுதலா காட்டலாம்னு 2020ல அமெரிக்க டாக்டர்கள் கண்டாங்க.

வார்டு சுவத்துல நெஞ்சுவலிக்கு என்ன செய்யணும்னு ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. பழசைக் கிழிக்காம அது மேலயே புதுசை ஒட்டியிருந்தாங்க போல, ஓரத்துல மஞ்சளா எட்டிப் பாத்துச்சு. அண்ணன் கிட்டப் போயி கீழ் மூலையில பொடி எழுத்துல இருந்த தேதியைப் படிச்சிட்டு வந்து, அப்பா பக்கத்துல உக்காந்துட்டான்.