மீன் தொட்டிக்குள்ள ஒரு சம்பா வயல்

போன வாரம் கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டாரு, "அண்ணே, நாலடி ரீஃப் டேங்க், அதான் பவளம் வளக்குற கடல் தண்ணி மீன் தொட்டி, வைக்கப்போறேன், அடியில மணல் போடுறதா, வெறும் கண்ணாடியாவே விட்டுடறதா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க"ன்னு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு தம்பி, ஆனா அது புரியணும்னா முதல்ல உங்க அப்பாவோட வயல்ல எறங்கணும்.

மீன் கழிவுலேர்ந்து அமோனியா வரும், அத பாக்டீரியா நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்கும், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். புது டேங்க்ல இந்த பாக்டீரியா பெருக பல வாரம் ஆகும். அதுக்குள்ள மீன விட்டுட்டு, அது செத்ததும் கண்ணு பட்டுடுச்சுன்னு எலுமிச்சம்பழம் கட்டுன வீட்ட மன்னார்குடியில பாத்தேன், மனசே ஆறல, ஒரு அமோனியா டெஸ்ட் கிட் இருந்திருந்தா அந்த மீனெல்லாம் பொழச்சிருக்கும்.

சரி, கடைசியில மிஞ்சுற நைட்ரேட் எங்க போகும்? இங்கதான் வயலுக்கு வரணும். தண்ணி கட்டுன வயல்ல சேத்த ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க, மேல கொஞ்சூண்டு செம்பழுப்பு, அதுக்குக் கீழ நீலம் கலந்த சாம்பல். ஆக்சிஜன் காத்துல பரவுறத விட தண்ணியில சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும், எறங்குற கொஞ்சத்தயும் மேலாக்க இருக்குற பாக்டீரியாவே தீத்துடும், அதனால மேல இரும்பு துருவா நிக்குது, கீழ துரு கரைஞ்சு நிறம் மாறிடுது. ஆனா கீழ இருக்குறதும் மூச்சு விட்டாகணுமே! ஆக்சிஜன் தீந்துட்டா நைட்ரேட், அதுவும் தீந்துட்டா மாங்கனீசு, இரும்பு, அப்புறம் சல்ஃபேட், எல்லாத்துக்கும் கடைசியில மீத்தேன் விடுற கூட்டம், எதுல அதிக சக்தி கெடைக்குதோ அதுதான் பந்தியில முதல்ல காலியாகும். நைட்ரேட்டுல மூணு ஆக்சிஜன் இருக்கு, அத ஒண்ணொண்ணா உருவிக்கிட்டே வந்து கடைசியில வெறும் நைட்ரஜன் வாயுவா விட்டுடும், அது குமிழியா மேல வந்து நம்ம சுவாசிக்கிற காத்தோட சேந்துடும். எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இது அலுக்காது.

விவசாயிக்கு இது நஷ்டம், தூவுன யூரியாவுல ஒரு பங்கு இப்படித்தான் காத்தாப் போகுது. அதனாலதான் பிரிச்சுப் பிரிச்சு போடச் சொல்றாங்க, யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுறதும் அமோனியா நைட்ரேட்டா மாறுறத தாமதப்படுத்தத்தான். நைட்ரேட்ட வாயுவாக்குற அந்த வேலை பாதியில நின்னுபோனா நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகும், அது கார்பன் டை ஆக்சைட விட ஏறக்குறைய 270 மடங்கு சூடேத்துற வாயு. ஆடுதுறையில 1922லேர்ந்து நெல் ஆராய்ச்சி நடக்குது, புது ரகத்துக்குக் கொடுக்குற அதே முக்கியத்துவத்த இந்த சேத்து பாக்டீரியா ஆராய்ச்சிக்கும் கொடுத்து பணம் ஒதுக்கணும்னு நான் ரொம்ப உறுதியா நெனைக்கிறேன்.

விவசாயிக்கு நஷ்டமானது மீன் வளக்குறவனுக்கு லாபம். அரகோனைட்டுங்கற சுண்ணாம்பு வகை பொடி மணல நாலு முதல் ஆறு இஞ்ச் போட்டா அடியில அதே சாம்பல் சேறு மாதிரி ஆக்சிஜன் இல்லாத இடம் உருவாகி நைட்ரேட்ட தின்னுடும், மொனாக்கோவுல ஜான் ஜோபேர்ங்கற ஆராய்ச்சியாளர் மணலுக்கு அடியில ஒரு வெத்திடம் விட்டு செஞ்சதும் இந்த வழிதான். ஆனா கடல் தண்ணியில சல்ஃபேட் லிட்டருக்கு 2.7 கிராம் கிட்ட இருக்கு, நைட்ரேட் தீந்த ஆழத்துல பாக்டீரியா அதுல கை வைக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு சேத்துல கால் வச்சா வர்ற அழுகுன முட்டை வாடை அதுதான். அந்த ஆழமான மணல கிளறிவிட்டா மீன் செத்துடலாம். வருஷக்கணக்குல கழிவும் பாஸ்பேட்டும் வேற சேந்துகிட்டே போகும்.

வெறும் அடின்னா இந்த வம்பு இல்ல, தண்ணிய அலையாத் தள்ளுற வேவ் மேக்கர வேகமா வச்சு கழிவ மிதக்கவிட்டு, அத நுரையாப் பிரிக்கிற ஸ்கிம்மருக்கும் உறிஞ்சி எடுக்குற சைஃபன் குழாய்க்கும் கொடுத்துடலாம், நைட்ரேட் வேலைய லைவ் ராக்கோட, அதான் பாக்டீரியா குடியிருக்குற துளைப் பாறையோட, உள் துளைகள் கொஞ்சம் பாத்துக்கும். அக்ரோபோரா மாதிரி வேகமான ஓட்டம் கேக்குற பவளத்துக்கு நல்லது. ஆனா மணலுக்குள்ள புதைஞ்சு தூங்குற ராஸ் மீனுக்கும் குழி தோண்டுற ஜாஃபிஷுக்கும் அது வீடே இல்ல.

நம்ம ஊருக்குன்னு இன்னொண்ணு இருக்கு, கரண்ட். 2018 கஜா புயல் அப்போ நாள்கணக்குல இருட்டுல கெடந்தோம், மோட்டார் நின்னா ஆழமான மணல்ல இருக்குற கோடிக்கணக்கான உயிரும் மீனோட சேந்து அதே ஆக்சிஜனத்தான் இழுக்கும். அதனால முதல் டேங்க்குக்கு நான் ஆழமான மணல் வேணாம்னுதான் சொல்வேன், ராஸ் வேணும்னா ரெண்டு இஞ்ச் போட்டு மேலாக்க சுத்தம் பண்ணிட்டே இருங்க, இல்லன்னா வெறும் அடி. நாகப்பட்டினம் கடக்கரை மணல அள்ளிட்டு வராதீங்க, அது அரகோனைட் இல்ல. கடல்லேர்ந்து பவளம் எடுக்கவே கூடாது, கல் பவளமெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு.

மீறி ஆழமாத்தான் போடுவேன்னா, சில மாசம் கழிச்சு பக்கவாட்டுக் கண்ணாடி வழியா பாருங்க தம்பி, வெளிச்சம் எட்டாத அடி ஆழத்துல மணலுக்குள்ள சின்னச் சின்னதா குமிழி மாட்டிக்கிட்டு நிக்கும், அதுல பெரும்பாலும் நைட்ரஜன்தான்.