படி வழங்கி: ‘ஸ்லேவ் சர்வர்’ என்னும் கலைச்சொல்லுக்கு ஒரு விளக்கம்

யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தில் ஓடும் கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைத்து நடத்திய இடங்களில் நெடுங்காலம் வழக்கிலிருந்ததும், சில பழைய உள்வலைகளில் இன்றும் எஞ்சியிருப்பதுமான ‘என்.ஐ.எஸ்.’ என்னும் வலையமைப்புத் தகவல் சேவையில், ஒரு கணினி மாஸ்டர் சர்வராக இருக்கும், அல்லது ஸ்லேவ் சர்வராக இருக்கும், அல்லது கேட்டுப் பெறும் கிளையன்டாக இருக்கும். முதல் இரண்டையும் ‘தலைமை வழங்கி’, ‘அடிமை வழங்கி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடுவது எளிது. ஆனால் ‘அடிமை வழங்கி’ என்பது தவறான பெயர். அச்சொல் மனத்தை உறுத்துவது ஒருபுறம் இருக்க, அந்தக் கணினி என்ன வேலை செய்கிறது என்பதையே அது மறைத்துவிடுகிறது. ஆகவே சொல்லைத் தேடுவதற்கு முன் வேலையைப் பார்த்துவிட வேண்டும்.

யூனிக்ஸில் பயனர் கணக்குகள், குழுக்கள், கணினிகளின் பெயரும் முகவரியும் ஆகிய விவரங்கள் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி உரைக்கோப்புகளாக இருந்தன. நூறு கணினிகள் உள்ள இடத்தில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் நூறு கோப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது. 1980-களின் நடுப்பகுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. விவரங்களை ஓரிடத்தில் வைத்துப் பேணி, மற்றக் கணினிகள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்தது. தொலைபேசித் தொழில் விவரப் புத்தகத்தின் பெயரைக் கடன்பெற்று அதற்கு ‘யெல்லோ பேஜஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அப்பெயர் பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் பதிவுபெற்ற வணிகக்குறியாக இருந்தமையால், பின்னர் ‘நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்’ என்று மாற்ற நேர்ந்தது. ஆயினும் கட்டளைகளின் முன்னொட்டை யாரும் மாற்றவில்லை. ‘யெல்லோ பேஜஸ்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான ‘ஒய்பி’ அவற்றின் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

இச்சேவை உரைக்கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஒரே கணக்குக் கோப்பிலிருந்து, பெயரைக் கொடுத்தால் விவரம் தருவது ஒன்று, பயனர் எண்ணைக் கொடுத்தால் விவரம் தருவது ஒன்று என இரண்டு தேடுபட்டியல்களைச் செய்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இவற்றை ‘மேப்’ என்கிறார்கள். ‘வரைபடம்’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். பதிப்பு நூல்களின் பின்னிணைப்பில் நாம் காணும் சொல்லடைவு, பொருளடைவு ஆகியவை செய்யும் வேலையையே இவையும் செய்வதால், ‘அடைவு’ என்பதே இதற்கு ஏற்ற சொல். பெயரடைவு, எண்ணடைவு என்று அதை விரித்தும் கொள்ளலாம்.

மாஸ்டர் சர்வரில் உரைக்கோப்புகள் இருக்கின்றன. திருத்தங்கள் அங்கே மட்டுமே நிகழ்கின்றன. அடைவுகளும் அங்கேதான் ஆக்கப்படுகின்றன. ஆக்கி முடிந்ததும் ‘ஒய்பிபுஷ்’ என்னும் கட்டளை மற்ற வழங்கிகளுக்குச் செய்தி விடுக்க, அவை ‘ஒய்பிஎக்ஸ்ஃபர்’ வழியாக அடைவை முழுவதும் படியெடுத்துக்கொள்கின்றன. இப்படிப் படியெடுத்துக்கொள்பவைதான் ஸ்லேவ் எனப்படுபவை. கேட்கும் கணினிக்கு எவர் விடையளித்தாலும் விடை ஒன்றே. ஸ்லேவ் சொல்லும் விடை மாஸ்டர் சொல்வதைவிட மதிப்பில் குறைந்ததன்று. ஒவ்வொரு கேள்விக்கும் மாஸ்டரிடம் போய் அனுமதி பெற்று வருவதும் இல்லை. மாஸ்டர் படுத்துவிட்டால்கூடப் பயனர்கள் ஸ்லேவின் துணையால் உள்நுழைந்து வேலை செய்துகொண்டே இருப்பார்கள். கடவுச்சொல்லை மாற்ற முயலும்போதுதான் தடங்கல் தெரியும், ஏனெனில் மாற்றத்தை ஏற்கும் நிரல் மாஸ்டரில் மட்டுமே ஓடுகிறது. ஏவலுக்குக் காத்திருக்கும் அடிமையின் சாயல் இதில் எங்கே இருக்கிறது?

ஒரு வலையமைப்பில் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று கண்டறிய முற்படும்போது இந்தப் பெயர்க் குழப்பம் நேரடியாகவே தொல்லை தருகிறது. ‘ஒய்பிவிச்’ என்ற கட்டளையை வெறுமனே கொடுத்தால் அது ஒரு கணினியின் பெயரைச் சொல்லும். புதிதாகப் பொறுப்பேற்பவர் அதையே மாஸ்டர் என்று கொண்டுவிடுவது மிக இயல்பான பிழை. கட்டளை சொன்னதோ, இந்தக் கணினி இப்போது எந்த வழங்கியோடு பிணைந்திருக்கிறது என்பதை மட்டுமே. பிணைப்பை ஏற்படுத்தும் ‘ஒய்பிபைண்ட்’ வலையமைப்பு முழுவதற்கும் குரல் கொடுத்து, முதலில் மறுமொழி தந்த வழங்கியைப் பற்றிக்கொள்ளும்படியும் அமைந்திருக்கலாம். அந்நிலையில் காலையில் ஒரு பெயரும் மாலையில் வேறொரு பெயரும் வருவதில் வியப்பில்லை. வழங்கிகளின் பட்டியலைத் தாங்கிய அடைவு ஒன்று உண்டு. ‘ஒய்பிகேட்’ கொண்டு அதைப் படித்தால் எல்லாப் பெயர்களும் வரும், ஆனால் எது எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் இராது. ‘ஒய்பிவிச்’ கட்டளையோடு ‘எம்’ என்னும் தெரிவைச் சேர்த்தால்தான் நாம் தேடும் விடை கிடைக்கும்: ஒவ்வோர் அடைவின் பெயரும், அதன் எதிரே அதற்கு மாஸ்டரான கணினியின் பெயரும்.

விடை இந்த வடிவில் வருவதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாஸ்டர் என்பது கணினிக்கு நிலையாகச் சூட்டிய பட்டமன்று. அடைவுக்கும் கணினிக்கும் உள்ள உறவு. அடைவை ஆக்கும்போதே, அதை ஆக்கிய கணினியின் பெயரும் ஆக்கிய நேரமும் அதற்குள் பொதியப்படுகின்றன. ஆகவே படி எங்கே போனாலும், தான் எதன் படி என்பதைத் தன்னுள்ளேயே ஏந்திச் செல்கிறது. பயனர் அடைவுகளுக்கு ஒரு கணினியும், முகவரி அடைவுகளுக்கு மற்றொரு கணினியும் மாஸ்டராக இருக்க இச்சேவை இடம் தருகிறது. பராமரிப்பவருக்கு அது தலைவலி என்பதால் அறிவுள்ளவர்கள் தவிர்ப்பார்கள்; என்றாலும் ஒரே கணினி ஓர் அடைவுக்கு மூலமாகவும் இன்னோர் அடைவுக்குப் படியாகவும் இருக்க முடியும் என்பது உண்மை. ஒரே ஆள் ஒரே வீட்டில் ஆண்டானாகவும் அடிமையாகவும் இருப்பதாகச் சொன்னால் கேட்பவர் மயங்குவார்.

இதை அறியாதவர் செய்யும் இன்னொரு பிழை உண்டு. ஸ்லேவில் அமர்ந்து அங்குள்ள உரைக்கோப்பைத் திருத்தி அடைவை ஆக்கிவிட்டால், அந்த அடைவில் அக்கணினியின் பெயரே மாஸ்டராகப் பதிந்துவிடும். படியெடுக்கும் நிரலோ, தன்னிடம் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. உண்மையான மாஸ்டரில் உள்ள சரியான அடைவு நேரக் கணக்கில் பழையதாகத் தெரிவதால் அது ஏற்கப்படாமல் போகும். ஒரே பயனருக்கு ஒரு கணினியில் உள்நுழைவு கிடைத்து மறு கணினியில் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிச் சொற்களின் பிறப்பு. ‘மாஸ்டர்’ லத்தீன் ‘மாகிஸ்தெர்’ என்பதிலிருந்து வந்தது. ஆசான், தலைவன் என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. ‘ஸ்லேவ்’ என்பது இடைக்கால லத்தீனில் ஸ்லாவிய இனத்தவரைக் குறித்த ‘ஸ்க்லாவுஸ்’ என்பதன் வழிவந்தது. அவ்வினத்தவர் பெருந்தொகையாகப் பிடித்து விற்கப்பட்டதால் இனப்பெயரே நிலைமையின் பெயராகிவிட்டது. ‘சர்வர்’ என்பதன் வேரும் அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்னும் லத்தீன் சொல்லே என்பது பலரும் கவனியாதது. ‘ஸ்லேவ் சர்வர்’ என்னும்போது அடிமை இருமுறை வருகிறான். பொறியியலில் இந்த இணைச்சொல் இயக்கம் கடத்தும் கருவிகளுக்கு வழங்கியது. வாகனத்தின் கிளட்சில் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தினால் ஸ்லேவ் சிலிண்டர் அசையும் என்பதால், அங்கே உவமையாவது பொருந்தியது. தகவலைப் படியெடுத்துத் தன்னளவில் விடையளிக்கும் கணினிக்கு அவ்வுவமையும் பொருந்தவில்லை. தமிழில் ‘சர்வர்’ என்பதற்கு நிலைபெற்றுள்ள ‘வழங்கி’, கொடுத்தலைக் குறிக்கும் ‘வழங்கு’ என்னும் வினையிலிருந்து பிறந்தமையால், ஏவல் வாடை இல்லாத நல்ல சொல். அதற்கு அடைமொழி தேடுவதே நம் வேலை.

அந்த அடைமொழியும் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், நம்பியாரூரர் (சுந்தரர்) தமக்கு அடிமை என்று ஒரு முதியவர் ஓலை காட்ட, நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிக்கப்பட்டது ‘படி ஓலை’தான், ‘மூல ஓலை’ தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு அடிமைத்தனத்தைப் பற்றியது. ஆனால் ஆவணங்களுக்கு இடையே உள்ள உறவைச் சொல்ல வரும்போது சேக்கிழார் ஆண்டான், அடிமை என்ற சொற்களை நாடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே மூலமும் படியும் என்ற இணை சட்ட வழக்காகத் தெளிவாக நிற்கிறது. நம் அடைவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான இணையை நான் காணவில்லை.

எனவே மாஸ்டர் சர்வர் ‘மூல வழங்கி’. ஸ்லேவ் சர்வர் ‘படி வழங்கி’. ‘முதன்மை வழங்கி’, ‘துணை வழங்கி’ என்பனவும் வழங்குகின்றன. அவற்றைப் பிழை என்று தள்ளமாட்டேன். ஆனால் முதன்மை என்றால் கேள்விகள் முதலில் அங்கேதான் போகும் என்ற எண்ணமும், துணை என்றால் மற்றது விழும்வரை சும்மா இருக்கும் என்ற எண்ணமும் எழுகின்றன. இச்சேவையில் இரண்டும் உண்மையல்ல. ‘மூலம்’ வடசொல் என்று தயங்கி, முதனூல், வழிநூல் என்ற இலக்கண மரபைப் பின்பற்றி ‘முதல்’, ‘வழி’ என்று ஆளலாமே என்று கேட்பாரும் இருக்கலாம். வழிநூல் முதனூலைத் தொகுக்கும், விரிக்கும், மாற்றமும் செய்யும். நம் கணினியோ ஓரெழுத்தையும் மாற்றக் கூடாது. ஆகவே ‘வழி’ பொருந்தாது. ‘மூலம்’ ஏட்டுச்சுவடிகளோடு பழகிய எவருக்கும் விளங்கும்.

ஆங்கிலமும் இத்திசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சன் நிறுவனம் பின்னர் உருவாக்கிய ‘என்.ஐ.எஸ். பிளஸ்’ இரண்டாவது வகையை ‘ரெப்ளிகா’, அதாவது படி, என்றே அழைத்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2020-இல் பழைய இணையைக் கைவிட்டு ‘சோர்ஸ்’, ‘ரெப்ளிகா’ என்று மாற்றிக்கொண்டது. அதைத் தமிழில் சொன்னால் மூலமும் படியும்தான்.

இவ்வடிப்படையில் மற்றச் சொற்களும் தாமே அமைகின்றன. ‘ஒய்பிபுஷ்’ செய்வது படியறிவிப்பு. ‘ஒய்பிஎக்ஸ்ஃபர்’ செய்வது படியெடுப்பு. ‘ஒய்பிபைண்ட்’ ஏற்படுத்துவது பிணைப்பு. ‘ஒய்பிவிச்’ வெறுமனே கேட்பது ‘நான் எந்த வழங்கியோடு பிணைந்திருக்கிறேன்?’ என்பதை, ‘எம்’ தெரிவோடு கேட்பது ‘இந்த அடைவுக்கு மூலம் எங்கே?’ என்பதை.