மொஹாவேயின் பற்று நோட்டு

அணைக்காகச் சண்டை என்றால் சேலம் மாவட்டத்துக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்பது எங்கள் பக்கத்து டீக்கடைகளில் தங்கம் விலைக்கு அடுத்தபடியாக விசாரிக்கப்படும் எண். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அதனால் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்ற கேமை இங்கே யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது அணுகுண்டிலிருந்து நான் ஆரம்பிப்பதில்லை. அணையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கதைப்படி 2077இல் அணு ஆயுதப் போர் நடந்து உலகம் நாசமாகிவிட்டது. கேம் நடப்பது 2281இல், அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில். கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை இன்னும் நிற்கிறது, மின்சாரமும் தருகிறது. (நிஜத்தில் அதைக் கட்டி முடித்தது 1936இல். நம் மேட்டூர் 1934இலேயே திறந்தாயிற்று.) மேற்கிலிருந்து வந்த குடியரசு ஒன்று, கிழக்கிலிருந்து வந்த சீசரின் அடிமைப்படை ஒன்று, வேகாஸ் நகரத்தைக் கையில் வைத்திருக்கும் ஹவுஸ் என்ற கோடீசுவரர் என மூன்று தரப்புக்கும் அந்த அணை வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட கூரியர் ஆள்தான் நாம்.

2010இல் வந்த கேம் இது. ஒப்சிடியன் நிறுவனம், பெதஸ்டா நிறுவனத்தின் 'ஃபால்அவுட் 3' ஓடிய அதே எஞ்சினை (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் செய்து முடித்தது. இயக்கியவர் ஜோஷ் சாயர். துப்பாக்கிச் சண்டை சுமார் ரகம்தான். பேசுகிறவர்களின் முகத்தில் வாய் மட்டும்தான் அசையும். வந்த புதிதில் பாதியில் நின்று போவதும் சகஜம். அப்படியும் இத்தனை வருடம் கழித்து ஆட்கள் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். நாம் செய்ததை இந்த உலகம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்ற உணர்வுதான் காரணம் என்பேன். அந்த ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதலில் மேப். நம்மைத் தலையில் சுட்டு, குட்ஸ்ப்ரிங்ஸ் என்ற சின்ன ஊரின் இடுகாட்டில் புதைத்துவிட்டுப் போகிறான் ஒருவன். ஊர் டாக்டர் காப்பாற்றுகிறார். வெளியே வந்து மேட்டில் ஏறி நின்றால், தூரத்தில் வேகாஸின் 'லக்கி 38' கோபுரம் தெரியும். ஏற்காடு லேடிஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்று, கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இறங்க ஆரம்பித்தால்தான் 20 கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வரும்.

கேமிலும் அப்படித்தான். நேராக வடக்கே போனால் வேகாஸ் பக்கம். போனவர் உயிரோடு போய்ச் சேர்வதுதான் கஷ்டம். என் அக்கா மகன் முதல் முறை விளையாடியபோது நேரே வடக்கேதான் நடந்தான். வழியில் ஸ்லோன் என்ற இடத்தில் குவாரி ஆள் ஒருவர், இதற்கு மேல் போகாதே, சாலையை டெத்க்ளா என்ற கொடிய மிருகங்கள் பிடித்துக்கொண்டன என்று எச்சரிக்கிறார்.

"மாமா, இவன் போகாதேங்கிறான். அப்ப அங்க ஏதோ நல்ல அயிட்டம் இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"போய்த்தான் பாரேன்."

போனான். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பல்லிப் பிராணி பாய்ந்து வந்தது. "ரெண்டே அடி மாமா, ரெண்டே அடி!" என்று கீபோர்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் தெற்கே திரும்பினான்.

அந்தத் திரும்பலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். சாலையில் சுவர் எதுவும் இல்லை. பதுங்கிப் பதுங்கி ஓரமாகப் போய் வேகாஸ் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் செத்துப் பார்த்துவிட்டு, தாங்களாகவே முடிவெடுத்ததாக நினைத்துக்கொண்டு தெற்கே பிரிம், அங்கிருந்து நிப்டன், நோவாக், போல்டர் சிட்டி என்று ஒரு பெரிய வளையம் சுற்றி வருவார்கள். எழுத்தாளர்களுக்கு வேண்டியதும் அந்த வளையம்தான். பிரிமில் சட்டம் ஒழுங்கு இல்லாத ஊரும், அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் திணறும் குடியரசும் கண்ணில் படும். நிப்டனில் சீசரின் படை ஊரையே லாட்டரி போட்டுக் கொன்றிருக்கும், பரிசு விழுந்தவன் சிரித்துக்கொண்டே எதிரே ஓடி வருவான். வேகாஸ் வாசலுக்கு வரும்போது யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்பது யாரும் பாடம் எடுக்காமலேயே நமக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பல மலைச்சரிவுகளில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு வைத்திருக்கிறார்கள். கரடு என்று கண்டால் ஏறிப் பார்க்கிற எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு அது பெரிய எரிச்சல். டெத்க்ளாவை வைத்தே தடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மாயச் சுவர் எதற்கு?

குட்ஸ்ப்ரிங்ஸுக்கு வருவோம், ஏனென்றால் மொத்த கேமின் மாதிரியும் அங்கே இருக்கிறது. ரிங்கோ என்ற வியாபாரி ஊரில் ஒளிந்திருக்கிறான். அவனைத் தேடி 'பவுடர் கேங்கர்ஸ்' என்ற தப்பியோடிய கைதிகளின் கும்பல் மிரட்டிக்கொண்டு நிற்கிறது. ரிங்கோ பக்கம் நின்று சண்டைக்கு ஆள் திரட்டலாம். பேச்சுத் திறன் 25 புள்ளி இருந்தால் மதுக்கடைக்கார அம்மா ட்ரூடி ஊர்க்காரர்களைச் சேர்த்துத் தருவார். பேரம் பேசும் திறன் இருந்தால் கடைக்காரர் செட் கடையிலிருந்து சரக்கு தருவார். வெடிமருந்து விவரம் தெரிந்தவரானால் ஈஸி பீட் தாத்தா புதைத்து வைத்த டைனமைட்டைக் கண்ணில் காட்டுவார். மருத்துவம் தெரிந்தால் டாக்டரிடம் மருந்து கிடைக்கும். இல்லையா, கும்பலோடு சேர்ந்து ஊரையே அடிக்கலாம். எதுவும் செய்யாமல் நடையைக் கட்டினாலும் கேட்க ஆள் இல்லை.

இந்த 25 முக்கியம். முந்தைய 'ஃபால்அவுட் 3'இல் பேச்சுத் திறன் ஒரு சதவீதமாக வரும். 40 சதவீதம் என்று காட்டினால், உள்ளே ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டுப் பார்க்கும். தோற்றால்? விளையாடுகிறவர், முன்பு பதிவு செய்து வைத்த இடத்தை (அதாவது 'சேவ்') லோட் செய்து, அங்கிருந்து மறுபடி கேட்பார். 40 சதவீத வாய்ப்பை ஐந்து முறை முயன்றால், ஒரு முறையாவது ஜெயிக்கும் வாய்ப்பு 92 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆக, அங்கே சோதிக்கப்படுவது நம் பொறுமைதான். நியூ வேகாஸ் குலுக்கலை எடுத்துவிட்டு வாசல் அளவு வைத்தது. 25 வேண்டும், உங்களிடம் 22 இருக்கிறது என்று முகத்துக்கு நேராகக் காட்டும். ஆயிரம் முறை லோட் செய்தாலும் 22 என்பது 22தான். அளவு பற்றாத நிலையில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால், நம் ஆள் அசட்டுத்தனமாக உளறிவிட்டு அவமானப்படுவார். நான் வேண்டுமென்றே அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதுண்டு. எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பது தெரியும்.

சரி, நாம் செய்ததெல்லாம் எங்கே பதிவாகிறது? ரசிகர்களே கேமைத் திருத்தி மாட் செய்துகொள்வதற்காக ஜி.ஈ.சி.கே. என்ற கருவியை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் கதையின் எலும்புக்கூடு தெரியும். ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும், அதாவது நமக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வேலைக்கும், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு நிலை எண் உண்டு. பெரும்பாலும் 10, 20, 30 என்று இடைவெளி விட்டு வைப்பார்கள், பின்னால் நடுவில் ஏதாவது செருக வேண்டியிருந்தால் 15 என்று போட்டுக்கொள்ளலாம் அல்லவா. ஒருவர் பேசக்கூடிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும்: ரிங்கோ உயிரோடு இருக்கிறானா, இந்தக் குவெஸ்ட் 30ஐத் தாண்டியதா, நம் பெயர் இந்த ஊரில் எப்படி. நாம் போய்ப் பேசும்போது எஞ்சின் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, நிபந்தனை பொருந்தும் முதல் வரியைப் பேச வைக்கும். "நீதானே அந்த ஊரைக் காப்பாற்றினாய்" என்று முன்பின் தெரியாத ஒருவர் நன்றி சொல்லும்போது நெகிழ்ந்து போகிறோம். அங்கே நடந்தது ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டதுதான்.

இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நற்பெயர்க் கணக்கு. பழைய கேமில் புண்ணியமும் பாவமும் ஒரே கோட்டில் ஏறி இறங்கும். ஊர் வாசலில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தால், எத்தனை பேரைக் கொன்ற பாவமும் கரைந்துவிடும். நியூ வேகாஸில் அந்தக் கோடு பெயருக்குத்தான் இருக்கிறது. வேலை செய்வது வேறு ஏற்பாடு: ஒவ்வொரு தரப்பும், ஒவ்வொரு ஊரும், மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி நமக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, நல்லதை ஒரு பத்தியிலும் கெட்டதை இன்னொரு பத்தியிலும் எழுதுகிறது. ஒன்றை ஒன்று கழிப்பதில்லை. நூறு நல்லது செய்தாலும் பழைய கொலை அடிபட்டுப் போகாது. இரண்டு பத்தியும் நிறைந்திருந்தால், இவரை எதில் சேர்ப்பது என்றே தெரியவில்லை என்ற ரகத்தில் ஒரு பட்டம் கிடைக்கும். மனிதர்கள் ஒருவரைப் பற்றி நினைப்பதும் அநேகமாக இப்படித்தானே. கதையின் நடுவில், வேகாஸில் ஒரு கட்டம் தாண்டியதும், குடியரசும் சீசரும் ஆளுக்கொரு தடவை பொதுமன்னிப்பு தருவார்கள். அதுவும் கருணையால் இல்லை. அதற்குள் நாம் எல்லாரையும் பகைத்துக்கொண்டிருந்தால் மீதிக் கதையை யாரோடு நடத்துவது?

அந்தப் பயம் நியாயமானது. குழந்தைகளையும் இன்னும் சிலரையும் தவிர யாரை வேண்டுமானாலும் கொல்ல விடுகிற கேம் இது. சீசரைக் கொல்லலாம், ஹவுஸைக் கொல்லலாம். எல்லாரும் செத்துவிட்டால் கதை? அதற்குத்தான் 'எஸ் மேன்' என்ற ரோபோ. எதற்கும் மறுப்பு சொல்லத் தெரியாதது. சுட்டு நொறுக்கினாலும் இன்னொரு ரோபோ உடம்புக்குள் புகுந்து, அதே சிரித்த முகத்தோடு வந்து நிற்கும். கதைக்குள் அது நகைச்சுவைப் பாத்திரம். வடிவமைப்பில் அது ஸ்டெப்னி டயர். விளையாடுகிறவர் என்ன நாசம் செய்தாலும் அணை வரைக்கும் ஒரு வழி மிச்சம் இருக்க வேண்டும். ஓட்டையை அடைக்க வந்த ஆளையே மறக்க முடியாத பாத்திரமாக எழுதிவிட்டார்கள்.

நோட்டில் ஏறாத கதைகளும் உண்டு. 'வால்ட் 11' என்ற நிலவறைக்குள் போனால் உயிரோடு பேச ஒருவரும் இல்லை. எலும்புகள், கம்ப்யூட்டர் குறிப்புகள், சுவரெங்கும் தேர்தல் போஸ்டர்கள். நம்மூர்ச் சுவர் விளம்பரம் பார்த்த கண்ணுக்கு அந்தப் போஸ்டர்கள் முதலில் விநோதமாக இருக்கும், ஏனென்றால் எதிராளி ஜெயிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்கிறார்கள்! வருடத்துக்கு ஒருவரைப் பலி கொடுக்காவிட்டால் எல்லாரும் சாவீர்கள் என்று கம்ப்யூட்டர் மிரட்டியிருக்கிறது. தேர்தலில் ஜெயித்து நிர்வாகியாகிறவர்தான் அந்தப் பலி. கடைசியில் மிஞ்சிய ஐந்து பேர், இனி யாரையும் அனுப்ப மாட்டோம் என்று மறுக்கிறார்கள். அப்போது கம்ப்யூட்டர், நீங்கள் தேறிவிட்டீர்கள், கதவு திறந்திருக்கிறது என்கிறது. அந்த ஐந்து பேரில் பெரும்பாலோருக்கு என்ன ஆனது என்பது வாசலிலேயே கிடக்கிறது. உள்ளே நுழைந்தபோது நாம் தாண்டி வந்த எலும்புகள்தான். விடையை முதலில் வைத்துவிட்டுக் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இதற்கு எஞ்சின் எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. வரிசையாக வைக்கப்பட்ட பொருட்களைப் பார்த்து நாமே கோத்துக்கொள்கிறோம்.

அறிவியல் சரியா என்று கேட்பவர்களுக்கு: கதிர்வீச்சு விஷயத்தில் இல்லை. அணுகுண்டு வெடித்த பின் காலம் 7 மடங்காகும்போது கதிர்வீச்சு ஏறக்குறைய 10இல் ஒரு பங்காகும் என்பது தோராயக் கணக்கு. முதல் மணி நேரத்தில் இருந்ததில் 100இல் ஒரு பங்குதான் இரண்டு நாள் கழித்து மிஞ்சும். நெடுநாள் தங்கும் சீசியம்-137இன் அரை ஆயுளே சுமார் 30 வருடம்; 204 வருடத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கேமில் குட்டைத் தண்ணீர் இன்னும் கதிர்வீச்சு மீட்டரைக் கடகடக்க வைப்பது, 1950களின் அமெரிக்கக் கற்பனையை வேண்டுமென்றே அப்படியே வைத்திருப்பதால். ஆனால் வேகாஸ் மட்டும் எப்படித் தப்பியது என்பதற்கு ஹவுஸ் கணக்கு வைத்திருக்கிறார்: அந்தப் பக்கம் வந்தவை 77 குண்டுகள், 59ஐ வழியிலேயே செயலிழக்க வைத்தார், 9ஐச் சுட்டு வீழ்த்தினார்.

இனி முடிவு. அணைப் போர் முடிந்ததும் ஒவ்வொரு ஊருக்கும், தரப்புக்கும், கூட வந்த ஒவ்வொரு துணைக்கும் என்ன ஆனது என்று படங்களோடு குரல் சொல்லும். 1997இல் வந்த முதல் 'ஃபால்அவுட்'டிலிருந்தே வருகிற வழக்கம் இது. ஒரு கணக்குக்கு, 20 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 விதமான முடிவு என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டியவை 60 சிறு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் தன் விஷயத்துக்கான எண்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதைப் பற்றிக் கவலை இல்லை. அவற்றைச் சேர்த்துப் போடக்கூடிய விதங்களோ 3ஐ 20 முறை பெருக்கிய எண்: 348 கோடிக்கு மேல். என் முடிவும் உங்கள் முடிவும் ஒன்றாக வராது என்று ரசிகர்கள் பெருமைப்படுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

போருக்குப் பிறகும் அந்த உலகத்தில் சுற்ற விட்டிருக்கலாமே என்று பலருக்கு ஆதங்கம். ஆனால் ஒரு பத்தி எழுத ஒரு மத்தியானம் போதும்; உலகத்தையே மாற்றிக் காட்டுவது அப்படியில்லை. குடியரசு தோற்றால் அவர்களுடைய முகாம்கள் காலியாக வேண்டும், சீசர் ஜெயித்தால் தெருவெல்லாம் அவர் கொடி பறக்க வேண்டும், கடைக்காரர் முதல் காவல்காரர் வரை எல்லாருக்கும் புது வரி எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றரை வருடத்தில் அது ஆகிற காரியமில்லை. சீசர் பக்கத்துக் கதையே அவசரத்தில் மெலிந்துதான் கிடக்கிறது. அதனால் படங்கள் ஓடி முடிந்ததும் கேமும் முடிந்துவிடும். போருக்குக் கிளம்பும் முன், இதற்கு மேல் திரும்ப முடியாது என்று எச்சரித்து ஒரு சேவ் போட்டு வைத்திருக்கும். மிச்சம் வைத்த ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் அதைத்தான் லோட் செய்ய வேண்டும்.