மூடிய அறைக்குள் தணல் வேண்டாம்

குளிர்காலத்தில் அவசரப் பிரிவுக்குச் சிலர் தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்று வருவார்கள். காய்ச்சல் இருக்காது. "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" என்று கேட்பேன். "எல்லாருக்குமே காலையிலிருந்து தலை பாரமாகத்தான் இருக்கு டாக்டர்" என்று பதில் வந்தால், ராத்திரி அறைக்குள் நெருப்பு வைத்திருந்தீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

கரி, விறகு, மண்ணெண்ணெய், கேஸ் என எது எரிந்தாலும், காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். "புகையே இல்லை, வெறும் தணல்தானே" என்று பலரும் சொல்வார்கள். புகையில்லாமல் சிவந்து கிடக்கும் கரித் தணலிலிருந்தும் இந்த வாயு நிறையவே வரும். விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் கிடையாது.

இன்னொரு சிக்கல், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் நிறைந்த நல்ல ரத்தமாகவே கணக்கிட்டு 98 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் எல்லாரும் உடனே வெளியே வாருங்கள், அப்புறம் மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணி இருந்தால், அவர் தெம்பாகவே தெரிந்தாலும் காட்டியாக வேண்டும். வயிற்றுக் குழந்தையை இது இன்னும் அதிகமாகப் பாதிக்கும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே கதைதான். அது வெளியே இருப்பதே நல்லது.

மின்சார ஹீட்டரில் இந்த வாயு வராது. ஆனால் திரைச்சீலை, போர்வையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள்.

சரி, நெருப்பில்லாமல் எப்படிச் சமாளிப்பது? வீடு முழுக்கச் சூடாக்க முடியாவிட்டால், ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து அதில் எல்லாரும் புழங்குங்கள். குளிர் பிரதேச வீடுகளுக்குள் வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தடித்த ஒரே உடுப்பைவிட மெல்லிய இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது மேல்; இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மது உடம்பைச் சூடாக்கும் என்பது வெறும் பிரமை. தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் கதகதப்பு தெரியும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

சர்க்கரை நோயாளிகள் காலடியில் வெந்நீர்ப் பை வைத்துத் தூங்கவே கூடாது என்பேன். பாதம் மதமதத்துப் போயிருந்தால் சுடுவது உறைக்காது. மிதமான சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும், அந்தப் புண் ஆற மாதங்களாகும். படுக்கும் முன் படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிடுங்கள். காலுக்குக் காலுறை போதும்.

வயதானவர்களை எனக்குக் குளிர்கிறது என்று அவர்களே சொல்லும்வரை விட்டுவிடாதீர்கள். முதுமையில் குளிர் உணர்வும் நடுக்கமும் மட்டுப்படும். பேச்சு குழறுவது, தடுமாறுவது, எந்நேரமும் தூங்கி வழிவது, தொட்டால் வயிறே சில்லென்றிருப்பது – இதெல்லாம் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனதன் அறிகுறியாக இருக்கலாம். பல சாதாரண தெர்மாமீட்டர்கள் அதற்குக் கீழே சரியாகக் காட்டாது. ஈர உடையை மாற்றி, தலையையும் உடம்பையும் போர்த்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மாதங்களில் கூடுதலாக ஒருமுறை அளந்து பார்க்கலாம். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு நேர்மாறான தொல்லை: அளவுக்கு மீறிப் போர்த்துவது. ஒரு வயதுக்குள் தளர்வான போர்வையும் தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். கைகால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றிவிடலாம்.